எட்டு புள்ளி இரண்டு

களியக்காவிளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் லேப்.
இன்னும் நூறடி நடந்தால் லாட்டரிச் சீட்டு விற்கிற தேசம்.
ஒரு நாளைக்கு நாற்பது கைகளில் ஊசி குத்துகிறேன்.
தமிழ் நரம்பு, மலையாள நரம்பு என்று பேதமில்லை,
பயந்தால் இரண்டும் ஒளிந்துகொள்ளும்.

போன மாதம் ஆளில்லாத ஒரு மத்தியானம்
என் கையிலும் குத்திப் பார்த்தேன்.
எட்டு புள்ளி இரண்டு.
மெஷினைச் சந்தேகப்பட்டு மறுபடி ஓட்டினேன்.
எட்டு புள்ளி ஒன்று.
முதலாவதையே வைத்துக்கொண்டேன்.

கீரை தின்னு, ஈரல் தின்னு, பேரீச்சை தின்னு என்கிறாள்
பாறசாலையிலிருந்து வேலைக்கு வருகிற ரெஜினி.
எல்லாம் சரிதான்.
ஆய்ந்து தருவது யார்?
ஷட்டரை இழுத்துப் பூட்டும்போதே
தோள் கழன்று சாவியோடு தொங்குகிறது.
படந்தாலுமூட்டில் இறங்கினால் மாடிக்குப் பதினெட்டுப் படி.
பதினொன்றாவதில் உட்கார்ந்துவிடுவேன்.
கீழ்வீட்டு நாய் இப்போதெல்லாம் குரைப்பதில்லை.
கொஞ்சம் நகர்ந்து இடம் விடுகிறது.

அந்த நாட்களுக்கென்று ஒரு சமையல் உண்டு.
அதில் அரைப்பு இல்லை, தாளிப்பு இல்லை,
அடுப்பருகே நிற்பதும் இல்லை.
ஒரு பிடி சம்பா அரிசி, ஒரு பிடி சிறுபயறு,
பூண்டு நாலு பல், தோலோடு.
வெந்தால் அதுவே சட்டையைக் கழற்றும்.
உப்பு. தாராளமாக வெள்ளம்.
குக்கரை மூடு.
படு.

விசில் எண்ணுவது மட்டும்தான் வேலை.
ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டாவது விசிலில் தூங்கிப்போனேன்.
பதறி எழுந்தபோது ஒன்பதே கால்.
அடுப்பு அணைந்திருந்தது.
யாரும் அணைக்கவில்லை, சிலிண்டர் தீர்ந்திருக்கிறது.
கஞ்சி அத்தனை பக்குவம்.
கேஸ் ஏஜென்சி வழியாகவும் கர்த்தர் வருவார் என்று
அன்று ராத்திரி நீளமாக ஜெபித்தேன்.
காலையில் கட்டன்சாயா போடப் போனபோதுதான்
பாதியை வாபஸ் வாங்கினேன்.

(சாயா குடித்தாலும் சாப்பாட்டோடு வேண்டாம்.
இரும்பைத் திருடிக்கொண்டு போகும்.
இது மட்டும் லேப்காரியாகச் சொல்வது.)

குக்கரைக் கழுவவும் முடியாத நாளில்
இட்லிச் சட்டியின் வெள்ளத்தில் முட்டை,
அதன் மேல் தட்டில் ஒரு ஏத்தன்பழம்.
ஒரே தீ, இரண்டு சாப்பாடு.
தீயே வேண்டாம் என்கிற நாளில்
அவலில் மோரை ஊற்றி, உள்ளி இரண்டு கடித்து,
ஒரு காந்தாரி மிளகாய்,
நாக்காவது உயிரோடிருக்கிறதா என்று பார்க்க.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோவில் விட்டு வருகிற ஒருத்தி இருக்கிறாள்.
அவளுக்குக் கொஞ்சம் தெம்பு உண்டு.
முருங்கை இலையை உருவி நிழலில் காயப்போட்டுப்
பொடித்துக் குப்பியில் அடைப்பாள்.
தேங்காய் துருவி ஃப்ரீசரில் வைப்பாள்.
வறுத்த நெத்தலியை டப்பாவில் எடுத்து வைப்பாள்.
எல்லாம் புதன்கிழமைக்காரிக்காக.
இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

போன வாரம் டப்பாவுக்குள் ஒரு துண்டுச் சீட்டு,
லேப் ரசீதின் பின்பக்கம், என் கையெழுத்தில்:
கஞ்சியில் ரெண்டு ஸ்பூன் பொடி போடு.
பாத்திரத்தை ஊறப்போட்டால் போதும்.
மிச்சத்தை நான் பார்த்துக்கிடுதேன்.

கட்டிலில் சாய்ந்தபடியே தின்று முடித்து
அதன் கீழே பதில் எழுதி வைத்தேன்:
நெத்தலியில் உப்பு கூடுதல்.
வேற குறை ஒண்ணுமில்லை.

மறுபடி குத்திப் பார்க்க இன்னும் நாளிருக்கிறது.
நேற்று பதிமூன்றாவது படியில்தான் உட்கார்ந்தேன்.
நாய் கொஞ்சநேரம் வழக்கமான இடத்தில் காத்திருந்துவிட்டு
இரண்டு படி ஏறி வந்தது.